நாக்கு அசைவைக் காந்தப்புலத்தால் பதியும் ஆய்வகத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர் வந்தால்: முழுமையான வழிகாட்டி

ழகரம், ளகரம், லகரம் மூன்றையும் நாக்கு எப்படிப் பிரிக்கிறது என்று பார்க்க இஎம்ஏ எனப்படும் எலக்ட்ரோமேக்னடிக் ஆர்ட்டிகுலோகிராஃபி அருமையான கருவி. சிங்கப்பூரில் அதற்குப் பேச்சுத் தருபவர்களில் மூத்தவர்களே நமக்கு முக்கியம். பழைய உச்சரிப்பு அவர்களிடம்தான் இருக்கிறது. பக்கவாதத்துக்கும் பார்க்கின்சனுக்கும் பிறகு பேச்சு எப்படி மாறுகிறது என்று ஆராய்பவர்களுக்கும் அவர்களே தேவை. இதயத்தில் கருவி பொருத்தியிருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்களும் அவர்களே.

புதிதாக ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் இந்த இடத்தில் இரண்டு வழிகளில் தடுமாறுகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் ‘பேஸ்மேக்கர் உண்டா’ என்ற ஒரே கட்டத்தை வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அல்லது பேஸ்மேக்கர் என்ற சொல்லைக் கேட்டதுமே பெரியவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படிக்குத் தெளிவான பதில் வராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். அனுமதி தரும் அதிகாரம் மருத்துவரிடம்தான் இருக்கிறது. அவர் சரியாக முடிவெடுக்க வேண்டிய தகவலைத் திரட்டிக் கொடுப்பதும், அவர் சொன்னபடி அறையை நடத்துவதும் நம் வேலை.

1. உங்கள் ஆய்வகக் கருவி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

காந்தத்தால் பேச்சைப் பதியும் அமைப்புகள் இரண்டு வகை. ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது வகைக்கு வகை மாறுவதால் இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் வகையில், தலையைச் சுற்றி அல்லது பக்கவாட்டில் உள்ள சுருள்கள் மாறுதிசைக் காந்தப்புலத்தை உண்டாக்கும். நாக்கிலும் உதட்டிலும் ஒட்டிய சிறு சென்சார்கள் அதை வாங்கித் தம் இடத்தைச் சொல்லும். கார்ஸ்டென்ஸ் நிறுவனத்தின் ஏஜி500, ஏஜி501, என்டிஐ நிறுவனத்தின் வேவ் எல்லாம் இந்த வகை. ஏஜி500-இன் ஆறு சுருள்கள் 7.5 முதல் 13.75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆறு வெவ்வேறு அதிர்வெண்களில் இயங்குகின்றன.

இரண்டாம் வகையில், நாக்கில் சிறு நிரந்தரக் காந்தங்களை ஒட்டி, வெளியே உள்ள உணரிகளால் அவற்றைத் தொடர்வார்கள். குரல் இழந்தவர்களுக்கான ஆய்வுகளில் இது அதிகம்.

புதியவர்கள் முதல் வகையில் நாக்கில் ஒட்டும் சென்சாரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அது வெறும் பெறும் சுருள், புலத்தை உண்டாக்குவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது புலம் அனுப்பும் சுருள்களையும், அவற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள தூரத்தையும்.

இரண்டாம் வகையில் நாக்கிலிருக்கும் காந்தத்தின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைந்து, நெஞ்சை எட்டுவதற்குள் மிகவும் தேய்ந்துவிடும். ஆனால் அதே காந்தத்தை அந்தப் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டால், இதயக் கருவிக்கு ஓரிரு சென்டிமீட்டர் பக்கத்தில் போய்விடும். காந்தங்களை எண்ணி வாங்கி எண்ணி வையுங்கள். அவற்றை ஒருபோதும் பங்கேற்பாளர் கையில் கொடுக்காதீர்கள்.

2. என்ன நேரக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் ஐந்தாம் படியில் மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்க முடியாது.

மாறும் காந்தப்புலம் எந்தக் கம்பி வளையத்தின் வழியாகப் போனாலும் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். பேஸ்மேக்கர் பெட்டியும் இதயத்துக்குள் போகும் லீட் கம்பியும் சேர்ந்து அப்படியொரு வளையம்தான். தூண்டப்பட்ட மின்னழுத்தத்தை இதயத் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தவறாக எடுத்துக்கொண்டால், இதயம் தானாகத் துடிக்கிறது என்று எண்ணித் தூண்டல் தருவதை நிறுத்திவிடலாம். முழுக்க அதை நம்பியிருக்கும் இதயத்துக்கு அது மயக்கத்தில் முடியும். ஐசிடி எனப்படும் அதிர்ச்சி தரும் கருவி அதையே அபாயமான வேகத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், தேவையில்லாத மின்னதிர்ச்சி கொடுக்கலாம்.

இன்னொரு வழி, மாறாத காந்தப்புலம். இதயக் கருவிகள் சுமார் 1 மில்லிடெஸ்லா வரையிலான நிலையான புலத்தைத் தாங்க வேண்டும் என்பது சோதனைத் தரம். அதற்கு மேல் பல கருவிகள் காந்த நிலைக்கு மாறக்கூடும். அப்போது பேஸ்மேக்கர் இதயத்தைக் கவனிக்காமல் நிலையான வேகத்தில் தூண்டும். ஐசிடியோ பெரும்பாலும் தூண்டலை மாற்றாமல், அபாயத் துடிப்பைக் கண்டறிந்து அதிர்ச்சி தரும் வேலையை மட்டும் நிறுத்தி வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம், வலியும் இருக்காது. அதனால்தான் இதை நான் கூடுதலாக அஞ்சுகிறேன்.

இன்றைய கருவிகள் கிலோஹெர்ட்ஸ் அளவிலான தொடர்ச்சியான புலத்தை நன்றாகவே வடிகட்டுகின்றன. இதயக் குறிப்பலை அதைவிட மிகக் குறைந்த அதிர்வெண்ணில் இருப்பதே காரணம். இஎம்ஏவை இதயக் கருவி பொருத்தியவர்களிடம் மருத்துவக் கண்காணிப்போடு சோதித்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் குறுக்கீடு எதுவும் தென்படவில்லை. ஆறுதலான முடிவுதான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட மாடலை வைத்து, அன்றிருந்த இதயக் கருவிகளில் செய்தது. உங்கள் அறையில் இருப்பது வேறு மாடல் என்றால் அந்த ஆய்வை அனுமதிச் சீட்டாகக் காட்டக் கூடாது.

3. தொலைபேசியில் அழைக்கும்போதே கேளுங்கள்

ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்தபின் கேட்டால் ஏற்கெனவே தாமதம். பெரியவர் பேருந்து மாறி வந்திருப்பார், மகளோ மருமகனோ விடுப்பு எடுத்து அழைத்து வந்திருப்பார்கள். ‘பரவாயில்லை, ஒண்ணும் ஆகாது’ என்று அவரே சொல்லிவிடுவார். அந்தச் சங்கடத்துக்கு இடம் வைக்காதீர்கள்.

‘உடலில் மின்னணுச் சாதனம் பொருத்தப்பட்டுள்ளதா?’ என்று எழுத்துத் தமிழில் கேட்டால் பாதிப் பேர் ‘இல்லை’ என்பார்கள். அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்களில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள்:

“ஐயா, நெஞ்சுல பேட்டரி, மிஷின் ஏதாவது வச்சிருக்காங்களா? மயக்கம் வந்து ஆஸ்பத்திரியில சின்ன ஆபரேஷன் பண்ணாங்களா? ஒரு கார்டு கொடுத்து எப்பவும் பர்சுல வச்சிருக்கச் சொன்னாங்களா? மிஷின் செக் பண்ணணும்னு அப்பப்ப வரச் சொல்றாங்களா?”

நாலில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தாலும் அடுத்த படிக்குப் போகவும். நெஞ்சில் புடைப்பு இல்லை என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். லீட் இல்லாத பேஸ்மேக்கர் இதயத்துக்குள்ளேயே இருக்கும் சிறு குப்பி, வெளியே எந்த அடையாளமும் தெரியாது. தோலடி ஐசிடி இடப்பக்க விலாவில், அக்குளுக்குக் கீழே இருக்கும்.

அதே அழைப்பில் காது உள்வைப்பு, மூளைக்குள் வைக்கும் தூண்டல் கருவி, மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய் இவற்றையும் கேட்டுவிடுங்கள். இந்த வழிகாட்டி இதயக் கருவி பற்றியது என்றாலும், பார்க்கின்சன் நோயாளிகளை அழைப்பவர்கள் மூளைத் தூண்டல் கருவியைக் கேட்காமல் விடவே கூடாது.

4. அட்டையை வாங்கிப் படியுங்கள்

இதயக் கருவி பொருத்தியவர்களுக்குப் பொதுவாக ஓர் அடையாள அட்டை கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டியவை: கருவியின் வகை, நிறுவனம், மாடல் எண், பொருத்திய தேதி, லீட்களின் மாடல், பின்தொடரும் மருத்துவமனை.

வகை ஏன் முக்கியம்? இதயத் துடிப்பைப் பதிவு மட்டும் செய்யும் ரெக்கார்டரை உடலுக்குள் வைத்திருப்பவருக்குக் குறுக்கீடு வந்தால் பதிவில் குப்பை சேரும், இதயத்துக்கு ஒன்றும் ஆகாது. ஐசிடி வைத்தவருக்கு அதே குறுக்கீடு அதிர்ச்சியாக முடியலாம். காந்தத்துக்கு எல்லாக் கருவியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. மைக்ரா என்ற லீட் இல்லாத பேஸ்மேக்கருக்குக் காந்த நிலையே கிடையாது.

அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்வது எல்லாரும் செய்யும் தவறு. பெயர், தொடர் எண், மருத்துவமனை எல்லாம் அதில் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் ஆய்வகத்துக்கும் பொருந்தும். எண்களை வாய்ச்சொல்லாகக் கேட்டு, ஆய்வு நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்ட படிவத்தில் எழுதுங்கள்.

5. இதயக் கருவியைப் பின்தொடரும் கிளினிக்குக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்

முழுப் பணியிலும் கனமான படி இதுதான். நான் பார்த்தவரை மோசமாகச் செய்யப்படுவதும் இதுதான். ‘உங்கள் நோயாளி பேச்சு ஆய்வில் பங்கேற்கலாமா?’ என்று மட்டும் எழுதினால், பேச்சு ஆய்வு என்றால் மைக் முன்னால் பேசுவது என்று மருத்துவர் நினைத்து ‘கலந்துகொள்ளலாம்’ என்று எழுதிவிடக்கூடும். தாளில் அனுமதி இருக்கும், உண்மையில் இருக்காது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை:

- உங்கள் அமைப்பின் நிறுவனமும் மாடலும். புலம் மாறுதிசையா, நிரந்தரக் காந்தமா.
- சுருள்களின் அதிர்வெண்கள். எல்லாச் சுருள்களும் ஒருசேரத் தொடர்ந்து இயங்குகின்றனவா, விட்டுவிட்டு மாறி மாறி இயங்குகின்றனவா. விட்டுவிட்டு வரும் புலத்தின் தாளம் இதயத் துடிப்பின் எல்லைக்குள் விழுந்தால் வடிகட்டி அதைப் பிடிக்காமல் போகலாம் என்பதால் இந்தத் தகவல் மருத்துவருக்குத் தேவை.
- உட்கார்ந்த நிலையில், இதயக் கருவி இருக்கும் இடத்தில் புலத்தின் வலிமை. இதை எப்படி அளப்பது என்பது அடுத்த படியில்.
- புலத்துக்குள் இருக்கும் நேரம்.
- உற்பத்தியாளர் கையேட்டில் பேஸ்மேக்கர் பற்றிய எச்சரிக்கை வாசகம், சொல்லுக்குச் சொல் அப்படியே.
- கூடவே வேறு கருவி உண்டா. குரல்வளை அசைவைப் பதியும் எலக்ட்ரோகுளோட்டோகிராஃப் கழுத்தின் வழியாகச் சிறு மின்னோட்டத்தை அனுப்புகிறது. இஎம்ஏவோடு அதையும் சேர்த்து ஓடவிட்டு, கடிதத்தில் குறிப்பிட மறப்பது வழக்கமாக நடக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்: இவர் முழுக்கத் தூண்டலை நம்பியிருப்பவரா? உணர்தல் யூனிபோலாரா, பைபோலாரா? லீட் முனைக்கும் பெட்டிக்கும் இடையில் உணர்வது யூனிபோலார், லீட்டிலேயே உள்ள இரு முனைகளுக்கு இடையில் உணர்வது பைபோலார். யூனிபோலாரில் வளையம் பெரிது, குறுக்கீடும் எளிதில் நுழையும். பதிவின்போது கிளினிக் ஊழியர் ஒருவர், இதயக் கருவியைச் சோதித்து மாற்றியமைக்கும் புரோகிராமர் என்ற இயந்திரத்துடன் உடனிருக்க வேண்டுமா? முடிந்தபின் கருவியைச் சோதிக்க வேண்டுமா?

சிங்கப்பூர் தேசிய இதய நிலையம், தேசியப் பல்கலைக்கழக இதய நிலையம் போன்ற இடங்களில் இதயக் கருவிகளைப் பின்தொடரும் பிரிவுகள் உண்டு. அட்டையிலுள்ள மருத்துவமனைக்கே எழுதுங்கள். பக்கத்துப் பாலிகிளினிக் மருத்துவரின் கடிதம் போதாது, கருவியின் அமைப்புகள் அவர் கையில் இருக்காது. பதில் எழுத்தில், உங்கள் மாடலைப் பெயர் சொல்லி வர வேண்டும். அதோடு நெறிமுறைக் குழுவிடம் போங்கள். இதயக் கருவி உள்ளவர்களைச் சேர்ப்பது ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற திட்டத்தில் இல்லை என்றால், திருத்தம் ஒப்புதலாகும் வரை பதிவு கூடாது.

6. அறையை அளந்துவையுங்கள்

கைப்பேசியில் காந்தமானிச் செயலியைத் திறந்து ‘ஒன்றும் காட்டவில்லை’ என்று வரும் மாணவர்கள் உண்டு. கைப்பேசியின் உணரி பூமியின் காந்தம் போன்ற மெல்ல மாறும் புலத்துக்கானது. கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் புலம் அதன் கண்ணில் படாது. உங்கள் சுருள்களின் அதிர்வெண் எல்லையில் காந்தப்புலத்தை அளக்கும் மூன்று அச்சு ஆய்வுகோல் வேண்டும். பொறியியல் துறையிலோ பல்கலைக்கழகப் பாதுகாப்பு அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

நாற்காலியில் யாரும் இல்லாதபோது, இடக் காறை எலும்புக்குக் கீழே, வலக் காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சின் நடுவே, இட விலா என நான்கு இடங்களின் உயரத்தில் அளவெடுங்கள். குள்ளமானவருக்கும் உயரமானவருக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். உயரம் குறைந்தவருக்காக நாற்காலியை ஏற்றும்போது நெஞ்சும் சுருள்களை நோக்கி ஏறுகிறது.

வந்த எண்ணை என்ன செய்வது? சர்வதேச அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான இக்னிர்ப் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டலில், இந்த அதிர்வெண்களுக்குப் பொதுமக்களுக்கான அளவு 27 மைக்ரோடெஸ்லா. ‘அதற்குள்தான் இருக்கிறோம், பாதுகாப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த எல்லை நரம்புத் தூண்டலிலிருந்து உடலைக் காப்பதற்கானது. அதைக் கடைப்பிடித்தாலும் பேஸ்மேக்கர் குறுக்கீடு வராது என்று உறுதியில்லை என அந்த வழிகாட்டலே சொல்கிறது. எண்ணை அப்படியே மருத்துவரிடம் கொடுங்கள், தீர்ப்பை அவர் சொல்லட்டும்.

புலம் அனுப்பும் பெட்டியைப் பக்கவாட்டில் வைக்கும் அமைப்பு என்றால், இதயக் கருவிக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். பெரும்பாலும் கருவி இடப்பக்கம் என்பதால் பெட்டி வலப்பக்கம். தூரம் கொஞ்சம் கூடினாலே புலம் வேகமாகக் குறையும்.

7. பதிவு நாளின் வரிசை

வரிசை பிசகினால் முந்தைய படிகள் எல்லாம் வீண்.

முதலில் பிரதான ஸ்விட்சை அணையுங்கள். இயந்திரம் சூடேறட்டும் என்று முன்கூட்டியே போட்டு வைப்பது பல ஆய்வகங்களின் பழக்கம். திரையில் பதிவு நின்றிருந்தால் புலமும் நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது. உங்கள் அமைப்பில் புலம் எப்போது இயங்குகிறது என்பதை ஆய்வுகோலை வைத்து முன்பே உறுதி செய்திருக்க வேண்டும்.

பங்கேற்பாளரை வேறு மேசையில் உட்கார வைத்து அங்கேயே சென்சார்களை ஒட்டுங்கள். கருவி வைத்தவர்களில் பலர் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள். ஒட்டியதை இழுத்துப் பிடுங்கினால் நாக்கில் இரத்தம் நிற்க நேரமாகும். என்ன மருந்து என்று கேட்டுவையுங்கள். கழற்றும்போது ஓரத்திலிருந்து மெல்லத் தளர்த்துங்கள்.

காந்தம் உள்ள சின்னப் பொருள்களை அகற்றுங்கள். ஹெட்போன், காந்தக் கிளிப் மைக், காந்தம் வைத்த பெயர்ப் பட்டை, பின்புறம் காந்தமுள்ள கைப்பேசி எல்லாம் இதில் அடங்கும். காந்தம் உள்ள கைப்பேசிகளை இதயக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021-இல் அறிவுறுத்தியது. பெரிய இயந்திரத்தின் மேல் கண் வைத்துக்கொண்டு சட்டையில் குத்திய காந்தப் பட்டையைக் கவனிக்காமல் விடுவது எளிது.

விரலில் ஆக்சிமீட்டர் போடுங்கள். மருத்துவர் ஈசிஜி கேட்டிருந்தால் அதுவும் வேண்டும், ஆனால் ஈசிஜி மட்டும் போதாது. இஎம்ஏ புலம் ஈசிஜி கம்பிகளிலும் புகுந்து கோட்டைக் கலைத்துவிடும். இதயம் தடுமாறுகிறதா, திரை தடுமாறுகிறதா என்று அப்போது தெரியாது. விரலில் வரும் நாடி அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

இதன் பிறகுதான் அணைத்த நிலையிலுள்ள அமைப்புக்குள் உட்கார வைப்பது. புலத்தைப் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். முதலில் மிகக் குறுகிய நேரம் போட்டு நாடியைப் பார்த்து, அவரையும் கேளுங்கள். வாயில் சென்சார் இருப்பதால் பேசுவது சிரமம், ஆகவே கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சொற்பட்டியலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் புலத்தை அணையுங்கள். ‘பழம், பள்ளம், பல்’ வரிசையை இன்னொருமுறை எடுக்கலாமே என்று ஆசைப்பட்டு மருத்துவர் தந்த நேரத்தைத் தாண்டாதீர்கள்.

8. தலைசுற்றல், படபடப்பு, அதிர்ச்சி வந்தால்

முதல் வேலை பிரதான ஸ்விட்ச். அதை அணைக்கும் பொறுப்பு ஒரே ஒருவருக்கு இருக்கட்டும், அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பிறகு பங்கேற்பாளரைச் சுருள்களிலிருந்து விலக்கி, வாயிலிருந்து சென்சார்களை எடுங்கள்.

ஐசிடி ஒருமுறை அதிர்ச்சி கொடுத்து, அவர் நன்றாக இருந்தால், அன்றே அவருடைய கருவி கிளினிக்கை அழைத்துச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் அதிர்ச்சி வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே 995-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள். அதிர்ச்சி வரும் நேரத்தில் அவரைத் தொட்டால் உங்களுக்கு ஆபத்தில்லை, தாங்கிப் பிடியுங்கள்.

நினைவிழந்து, சரியான மூச்சில்லாமல் சாய்ந்துவிட்டால் 995-ஐ அழைத்து நெஞ்சழுத்தம் கொடுக்கத் தொடங்குங்கள். ஏஇடி எனப்படும், பொது இடங்களில் வைத்திருக்கும் இதய அதிர்ச்சிக் கருவியின் பட்டையை, நெஞ்சிலுள்ள கருவியின் புடைப்பின் மேல் ஒட்டாமல் சில சென்டிமீட்டர் தள்ளி ஒட்டுங்கள். பக்கத்து ஏஇடி எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதைப் பதிவு நாளுக்கு முன்பே நடந்துபோய்ப் பாருங்கள். இணையத்தில் படித்ததை நம்பி யாரும் காந்தத்தை எடுத்து நெஞ்சில் வைக்கக் கூடாது, அது மருத்துவரின் வேலை.

சிறிய தலைசுற்றலாக இருந்தாலும் நேரத்தோடு எழுதிவையுங்கள். இதயக் கருவி நடந்ததை நினைவில் வைத்திருக்கும். கிளினிக் அதைப் படிக்கும்போது உங்கள் குறிப்போடு நேரத்தைப் பொருத்திப் பார்க்க முடியும். நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

9. அனுமதி வராவிட்டால்

‘வேண்டாம்’ என்று மருத்துவர் எழுதினாலும், பதிலே வராவிட்டாலும் இஎம்ஏ இல்லை. ஆனால் பெரியவரை அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. தாடைக்குக் கீழே வைக்கும் அல்ட்ராசவுண்ட் நாக்கின் மேல்விளிம்பை நன்றாகவே காட்டும். ழகரத்தில் நாக்கு எப்படித் திரண்டு பின்வாங்குகிறது என்பதை அதில் பார்க்கலாம். நாநுனி சில சமயம் தாடை எலும்பின் நிழலில் மறையும், அதுதான் குறை. உதட்டுக்கு வீடியோ போதும்.

எம்ஆர்ஐ இதற்கு மாற்று இல்லை, அங்கே காந்தப்புலம் இன்னும் பல மடங்கு வலியது. அண்ணத்தில் மின்முனைத் தட்டு வைக்கும் முறையும் உடலில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்துவதால் அதற்கும் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

10. உடன் வருபவர்களும் நம் ஊழியர்களும்

எல்லாப் படிகளையும் பங்கேற்பாளருக்குச் செய்துவிட்டு, அவரை அழைத்து வந்த மனைவியைச் சுருள்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் நெஞ்சிலும் பேஸ்மேக்கர் இருக்கலாம். மூன்றாம் படியின் கேள்விகளை உடன் வருபவரிடமும் கேளுங்கள். துப்புரவுப் பணியாளர், கட்டடப் பராமரிப்பாளர், புதிதாகச் சேரும் உதவியாளர் யாரும் விதிவிலக்கு இல்லை.

கதவில் எச்சரிக்கைப் பலகையைத் தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் நான்கிலும் மாட்டுங்கள். எத்தனை மீட்டருக்குள் வரக் கூடாது என்பதை நீங்கள் அளந்த எண்ணிலிருந்து எழுதி, தரையில் அந்தத் தூரத்துக்கு மஞ்சள் நாடா ஒட்டுங்கள். சுருள் அமைப்பை நகர்த்தினாலோ மென்பொருளைப் புதுப்பித்தாலோ மறுபடி அளந்து நாடாவை மாற்றி ஒட்ட வேண்டும்.